பழைய ஆக்சஸ் கணக்கை பவர் பிஐ-ல கோர்க்குறது எப்படி: ஒரு பூக்கடை டேட்டாவை வச்சு

எப்பவோ ஒரு தம்பி ஆக்சஸ்ல (மைக்ரோசாஃப்ட்டோட டேட்டாபேஸ் புரோகிராம், கணக்கை டேபிள் டேபிளா சேத்து வைக்கிறது) எழுதிக்குடுத்த சாஃப்ட்வேர்லயே வண்டிய ஓட்டுற கடைங்க நம்ம மதுரைல இன்னும் இருக்கு, எழுதுன ஆளு பெங்களூரோ சிங்கப்பூரோ போயிருப்பாரு, ஃபைல் மட்டும் கடை கம்ப்யூட்டர்ல பத்திரமா கெடக்கும். இப்ப மொதலாளி மகன் படிச்சுட்டு வந்து "அண்ணே இதுல இருந்து கிராஃப் எடுக்க முடியாதா"ன்னு கேப்பாரு. தாராளமா எடுக்கலாம், டேட்டாவை கிராஃபா மாத்துற பவர் பிஐன்னு மைக்ரோசாஃப்ட் சாஃப்ட்வேர் ஒண்ணு இருக்கு. அதுல கெட் டேட்டா பட்டனை அமுக்குறது ரெண்டு நிமிஷ வேலைதான், ஆனா எந்த ஃபைலை இணைக்கிறோம், சாஃப்ட்வேர் 32 பிட் வகையா 64 பிட் வகையா, உள்ள எந்த டேபிளை எடுக்குறோம்ங்கிறதுலதான் அம்புட்டு தலைவலியும் ஒளிஞ்சிருக்கு, அதனால அதையெல்லாம் கொஞ்சம் நின்னு பாப்போம்.

உதாரணத்துக்கு மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுல ஒரு கமிஷன் கடைன்னு வச்சுக்குவோம். உசிலம்பட்டி, திருமங்கலம், அலங்காநல்லூர் பக்கமிருந்து விவசாயிங்க மூட்டையா மல்லி, முல்லை, பிச்சி, சம்பங்கி கொண்டாந்து எறக்குவாங்க, எடை போட்டு விலை போட்டு கமிஷன் கழிச்சு சிட்டை குடுப்பாங்க. ஃபைலுக்குள்ள விவசாயி டேபிள் ஒண்ணு, பூ வகை டேபிள் ஒண்ணு, தெனசரி வரவு டேபிள் ஒண்ணு. நமக்கு வேண்டியது என்னன்னா மல்லி விலை எந்த மாசம் எப்படிப் போச்சு, முகூர்த்த நாள்ல எம்புட்டு ஏறுச்சு, எந்த ஊர்ல இருந்து சரக்கு கொறையுது, அவ்வளவுதான்.

சாஃப்ட்வேர் பவர் பிஐ டெஸ்க்டாப். காசு கெடையாது, லாகின் பண்ணாமலே ஓட்டலாம், ஆனா விண்டோஸ்ல மட்டும்தான், மேக் வச்சிருக்கவங்களுக்கு இது கெடையாது. டேப்ளோ டெஸ்க்டாப்லயும் ஆக்சஸ் இணைக்கலாம், அதுவும் விண்டோஸ்லதான், கீழ சொல்ற 32, 64 பிரச்சனையும் ஃபைல் பிரச்சனையும் அதுக்கும் அப்படியே பொருந்தும், இங்க நான் பவர் பிஐ-யவே எடுத்துக்கிறேன்.

மொத வேலை, எது உண்மையான ஃபைல்னு கண்டுபிடிக்கிறது. கடைல ஐகானை டபுள் கிளிக் பண்ணி தெறக்குற ஃபைலுக்குள்ளதான் டேட்டா இருக்கும்னு நெனைச்சுறாதீங்க. கொஞ்சம் வெவரமா எழுதுன ஆளா இருந்தா ரெண்டாப் பிரிச்சு வச்சிருப்பாரு, ஒண்ணுல ஃபார்ம், ரிப்போர்ட் மட்டும், இன்னொண்ணுல டேபிள் மட்டும், மொத ஃபைல்ல இருக்குறது வெறும் லிங்க். ஆக்சஸ்ல டேபிள் லிஸ்ட்ல ஐகான் பக்கத்துல சின்னதா ஒரு அம்புக்குறி இருந்தா அது லிங்க் டேபிள், மவுஸை மேல வச்சா ஒரிஜினல் எங்க இருக்குன்னு பாதைய காட்டும். அந்த ரெண்டாவது ஃபைல்தான் நமக்கு வேணும், ஃபார்ம் இருக்குற ஃபைலை பவர் பிஐ-க்கு குடுக்காதீங்க.

அடுத்து எக்ஸ்டென்ஷன் பாருங்க. ஏசிசிடிபின்னு (.accdb) இருந்தா 2007-க்குப் பிறகு வந்த ஃபார்மேட், ஒண்ணும் பிரச்சனையில்ல. எம்டிபின்னா (.mdb) அதுக்கு முந்துனது. 2000, 2003 காலத்து எம்டிபியை இப்ப இருக்குற டிரைவரும் (ஆக்சஸ் ஃபைலைப் படிச்சுக் குடுக்குற சின்ன புரோகிராம்) படிக்கும். ஆனா ஆக்சஸ் 97-ல செஞ்ச எம்டிபின்னா ஆக்சஸ் 2013-ல இருந்து தெறக்கவே தெறக்காது, எங்கயாவது ஆக்சஸ் 2003-ஓ 2010-ஓ இருக்குற பழைய மெஷினைப் புடிச்சு அதுல தெறந்து புது ஃபார்மேட்டுக்கு மாத்திட்டு வாங்க. ஃபைல் சைஸையும் ஒருதடவை பாத்துருங்க, ஆக்சஸ் ஃபைல் 2 ஜிபிக்கு மேல போகாது, அதை நெருங்கிட்டா கிராஃப் கெடக்கட்டும், மொதல்ல ஆக்சஸ்லயே இருக்குற காம்பேக்ட் அண்ட் ரிப்பேர் ஓட்டி ஃபைலைச் சுருக்குங்க, அதுவும் ஒரு காப்பி எடுத்து வச்சுட்டு ஓட்டுங்க.

கடை ஓடிட்டு இருக்கும்போது ஒரிஜினல் ஃபைல்ல கைவைக்காதீங்க, இதை மட்டும் நான் கண்டிப்பா சொல்வேன். ஃபைல் யூஸ்ல இருந்தா அதே ஃபோல்டர்ல அதே பேர்ல எல்ஏசிசிடிபின்னு (.laccdb, எம்டிபியா இருந்தா .ldb) ஒரு குட்டி ஃபைல் நிக்கும், அதுதான் லாக். பூ மார்க்கெட் விடியக்காலைலயே பரபரன்னு ஓடுற எடம், மத்தியானத்துக்கு மேல பில் போட்டு முடிச்சு எல்லாரும் வெளிய வந்ததும் அந்தக் குட்டி ஃபைல் மறைஞ்சுரும், அப்ப காப்பி எடுங்க. எடுத்த காப்பிய வேற லேப்டாப்ல டி டிரைவ்ல ரிப்போர்ட்னு ஒரு ஃபோல்டர் போட்டு எப்பவும் ஒரே பேர்ல வையுங்க. தேதி போட்டு பேர் மாத்தி மாத்தி வச்சீங்கன்னா பவர் பிஐ ஒவ்வொரு தடவையும் பழைய ஃபைலைத் தேடிட்டு நிக்கும். கடைல நெட்வொர்க் இருந்தா டாஸ்க் ஷெட்யூலர்ல ராத்திரி தானா காப்பி ஆகுற மாதிரி வச்சிரலாம். சில பேர் ஒரிஜினல் ஃபைலையே கூகிள் டிரைவ், ஒன் டிரைவ் ஃபோல்டர்ல வச்சு ஓட்டுவாங்க, வேணாம்யா, பில் போட்டுட்டு இருக்கும்போதே அது சிங்க் ஆக ஆரம்பிச்சா ஃபைல் கெட்டுப்போக வாய்ப்பு இருக்கு.

இப்ப பெரிய தலைவலிக்கு வருவோம். பவர் பிஐ தெறந்து கெட் டேட்டா, மோர், ஆக்சஸ் டேட்டாபேஸ்னு போயி ஃபைலைக் காட்டுனதும் முக்காவாசிப் பேருக்கு வர்ற எர்ரர் இதுதான்: "மைக்ரோசாஃப்ட் டாட் ஏஸ் டாட் ஓஎல்இடிபி டாட் 12.0 புரொவைடர் லோக்கல் மெஷின்ல ரிஜிஸ்டர் ஆகல." ஃபைல்ல கோளாறு இல்ல, பவர் பிஐ-ல கோளாறு இல்ல. ஆக்சஸ் ஃபைலை படிக்குறதுக்கு ஏஸ்னு ஒரு டிரைவர் வேணும், பவர் பிஐ 64 பிட்ல ஓடுனா அந்த டிரைவரும் 64 பிட்டா இருக்கணும், உங்க மெஷின்ல அது இல்லவே இல்ல, இல்லாட்டி 32 பிட் மட்டும் இருக்கு. 32-ம் 64-ம் ஒண்ணுக்கொண்ணு பேசாது.

உங்க ஆஃபிஸ் என்ன பிட்டுனு பாக்குறது சுலபம், ஆக்சஸ்லயோ எக்செல்லயோ ஃபைல், அக்கவுண்ட், அபவுட் அமுக்குனா மேல நீளமா ஒரு வரி வரும், அதோட கடைசியில 32 பிட் இல்லாட்டி 64 பிட்னு போட்டிருக்கும். ஆக்சஸ் 2007 வரைக்கும் 32 பிட் மட்டும்தான், 2010-லதான் 64 வந்துச்சு, அப்பவும் சும்மா இன்ஸ்டால் பண்ணா 32தான் ஏறும், 2019-க்குப் பிறகுதான் 64 ஏற ஆரம்பிச்சது. அதனால கடைக் கம்ப்யூட்டர் 32-ஆ இருக்க வாய்ப்பு ஜாஸ்தி.

லேப்டாப்ல ஆஃபிஸே இல்லைன்னா நீங்க கொடுத்து வச்ச ஆளு, மைக்ரோசாஃப்ட் 365 ஆக்சஸ் ரன்டைம்னு ஒண்ணு மைக்ரோசாஃப்ட் சைட்லயே சும்மா கெடைக்குது, அதுல 64 பிட்டை எறக்கிப் போட்டு மெஷினை ஒருதடவை ரீஸ்டார்ட் பண்ணுங்க, முடிஞ்சது. ஆஃபிஸ் 64 பிட் ஆக்சஸோட இருந்து அப்டேட்டும் ஆகியிருந்தா பெரும்பாலும் எர்ரரே வராது.

32 பிட் ஆஃபிஸ் இருந்தாத்தான் இடிக்கும், 64 பிட் டிரைவரைப் போடப்போனா "32 பிட் ஆஃபிஸ் இருக்கு, அதைத் தூக்கிட்டு வா"ன்னு சொல்லும். ஏஸ் டிரைவர் 2016 எக்ஸ்இ-யை கமாண்ட் பிராம்ப்ட்ல சாய்வுக்கோடு போட்டு கொயட்னு (/quiet) சேத்து ஓட்டுனா சத்தமில்லாம ஏறிக்கும்னு நெட்டுல எல்லாரும் சொல்றது உண்மைதான், பல மெஷின்ல அது வேலை செய்யுது, ஆனா ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வைக்கிறதை மைக்ரோசாஃப்ட் முறையா ஆதரிக்கிறதில்ல, அந்த 2016 டிரைவருக்கும் 2025 அக்டோபரோட சப்போர்ட் முடிஞ்சிருச்சு. நம்ம சொந்த லேப்டாப்னா ஆஃபிஸை எடுத்துட்டு 64 பிட் ஆஃபிஸை மறுபடி போடுறதுதான் சுத்தம். ஆனா கடைக் கம்ப்யூட்டர்ல இந்த வேலை ஆகவே ஆகாது. ஏன்னா பழைய சாஃப்ட்வேர்ல விபிஏ (VBA, ஆக்சஸுக்குள்ள எழுதுற புரோகிராம்) கோடு 32 பிட்டுக்குன்னு எழுதியிருப்பாங்க, ஏசிசிடிஇ-ன்னு (.accde) பூட்டிக் குடுத்த ஃபைலா இருந்தா 64 பிட் ஆக்சஸ்ல தெறக்கவே தெறக்காது, மறுநாள் விடியக்காலை பூ மூட்டை வந்து எறங்கும்போது பில் ஓடலைன்னா உங்களைத்தான் தேடி வருவாங்க. காப்பி, தனி லேப்டாப்னு நான் மேல சொன்னது இதுக்கும் சேத்துத்தான்.

ஃபைலுக்கு பாஸ்வேர்ட் போட்டிருந்தா பவர் பிஐ-யோட ஆக்சஸ் கனெக்டர்ல அதைக் குடுக்க எடமில்ல. ஓடிபிசிங்கிற (ODBC) வேற இணைப்பு வழியா போகலாம், இல்லாட்டி காப்பில மட்டும் ஆக்சஸை எக்ஸ்குளூசிவ்ல தெறந்து பாஸ்வேர்டை எடுத்துருங்க, அந்த லேப்டாப்பை பத்திரமா வச்சுக்குங்க.

டிரைவர் சரியாயிட்டா நேவிகேட்டர்னு ஒரு ஜன்னல் தெறக்கும், இடது பக்கம் டேபிளும் கொயரியும் (டேபிள்ல இருந்து வேண்டியதை மட்டும் எடுக்க எழுதி வச்ச கேள்வி) கலந்து வரிசையா நிக்கும். லோட் பட்டன் ஆசையா முன்னாடி நிக்கும், அதை விட்டுட்டு, வேண்டியதை டிக் பண்ணிட்டு டிரான்ஸ்ஃபார்ம் டேட்டா அமுக்குங்க. டேபிளை மட்டும் டிக் பண்ணுங்க, கொயரிய பெரும்பாலும் தொடாதீங்க. ஏற்கனவே அந்தத் தம்பி மாசாந்திர ரிப்போர்ட்டுக்குன்னு கொயரி எழுதி வச்சிருக்காரே, அதை எடுத்தா வேலை மிச்சம்தானேன்னு தோணும். ஆனா ஆக்சஸ் உள்ள ஓடுற கொயரி வெளிய இருந்து கூப்புட்டா வேற மாதிரி நடந்துக்கும். என்இசட்-னு (Nz) ஒரு ஃபங்ஷன், காலியா இருந்தா சைபர்னு போடுறது, அது ஆக்சஸ் புரோகிராமோட சொந்த சரக்கு, டிரைவருக்கு அது தெரியாது, எர்ரர் அடிக்கும். ஃபார்ம்ல தேதி போட்டாத்தான் ஓடும்ங்கிற கொயரியும் அப்படித்தான், ஃபார்மே தெறக்கலையே.

இதுலயும் மோசமானது எர்ரரே வராம தப்பா வர்றதுதான். லைக் போட்டு மல்லி* அப்படின்னு எழுதுன கொயரி ஆக்சஸ் உள்ள மல்லி, மல்லி மொட்டு எல்லாத்தையும் அள்ளிட்டு வரும். அதையே பவர் பிஐ-ல எடுத்தா ஒரு வரி கூட வராது, ஏன்னா அந்த டிரைவருக்கு "எதுவா இருந்தாலும்"ங்கிற குறி *-க்குப் பதிலா %. பூ பேர்ல நெசமாவே நட்சத்திரக்குறி இருக்கான்னு அது தேடிட்டு இருக்கும். அந்தக் கொயரி வேணும்னே நின்னா லைக்குக்குப் பதிலா ஏலைக்னு (ALike) போட்டு மல்லி%-ன்னு மாத்துங்க, ரெண்டு எடத்துலயும் ஒரே மாதிரி வேலை செய்யும். என்னக் கேட்டா டேபிளை எடுத்து ஃபில்ட்டரை பவர் பிஐ-லயே போடுறதுதான் நல்லது.

டிரான்ஸ்ஃபார்ம் டேட்டா அமுக்குனதும் வர்ற எடிட்டர் தெறந்ததும் கடைசிப் பக்கம் சில காலம்ல (காலம்னா இங்க மேல இருந்து கீழ போற பத்தி, column) வெறுமனே டேபிள், வேல்யூன்னு எழுதி இருக்கும், பயப்படாதீங்க, ஆக்சஸ்ல டேபிளுக்கு டேபிள் உறவு போட்டு வச்சதால வர்றது, வேண்டாம்னா ரிமூவ் பண்ணிருங்க. ஆக்சஸ்ல தெறந்து பாக்கும்போது பூ வகைன்னு இருந்த எடத்துல மல்லின்னு தெரிஞ்சிருக்கும், இங்க 3, 7-ன்னு நம்பரா வந்து நிக்கும், அதுவும் சரிதான், உள்ள இருக்குறது எப்பவுமே நம்பர்தான், பூ வகை டேபிளையும் சேத்து எடுத்தீங்கன்னா பேர் வந்துரும்.

தேதில மூணு சங்கதி இருக்கு. டைம் மட்டும் இருக்குற காலம் 30-12-1899-னு தேதியோட வந்து நின்னா ஆச்சரியப்படாதீங்க, ஆக்சஸ் நாளை எண்ண ஆரம்பிக்கிறதே அந்தத் தேதில இருந்துதான், டேட்டா டைப்பை டைம்னு மாத்துனா போயிரும். தேதியோட நேரமும் ஒட்டிட்டு இருந்தா டைப்பை டேட்னு மாத்துங்க, இல்லைன்னா பின்னாடி காலண்டர் டேபிளோட இணையும்போது ஒண்ணும் பொருந்தாது. தேதிய டெக்ஸ்ட்டா அடிச்சு வச்சிருந்தா இன்னும் ஜாக்கிரதை, 05/06-ங்கிறதை ஜூன் 5-ன்னு எடுக்குறதா மே 6-ன்னு எடுக்குறதான்னு மெஷின் செட்டிங்கைப் பொறுத்து மாறும், சேஞ்ச் டைப்ல யூசிங் லோக்கேல் போயி இங்கிலீஷ் இந்தியா குடுங்க.

தமிழ் எழுத்து. ஆக்சஸ் 2000-ல இருந்தே யூனிகோட்ல சேமிக்குது, லதாலயோ நிர்மலாலயோ அடிச்ச தமிழ் அப்படியே வரும். ஆனா பாமினி, வானவில் மாதிரி ஃபான்ட்ல அடிச்சிருந்தா உள்ள இருக்குறது இங்கிலீஷ் எழுத்து, தமிழ் மாதிரி காட்டுனது ஃபான்ட்தான். பாமினில "தமிழ்"னு அடிச்சு வச்சது பவர் பிஐ-ல சின்ன ஜே, கே, பி, ஓ, அப்பறம் ஒரு செமிகோலன்னு வந்து நிக்கும். பாமினி ஃபான்ட்டை லேப்டாப்ல போட்டு ஒப்பேத்தலாம்னு பாக்காதீங்க, ஒரே காலம்ல நம்பரும் இங்கிலீஷும் கலந்தா அதுவும் சேந்து கெட்டுரும். ஊர்ப் பேர், பூ பேர், விவசாயி பேர் இதெல்லாம் சின்ன டேபிள்தானே, எக்செல்லுக்கு எடுத்து யூனிகோட் கன்வெர்ட்டர்ல மாத்தி, ஐடி நம்பரோட ஒரு ஷீட்டா வச்சு பவர் பிஐ-ல சேத்துக்குங்க, பழைய ஃபைலைத் தொடவே வேணாம். அதே ஷீட்ல உசிலம்பட்டி, உசிலை, உசிலம்பட்டின்னு பின்னாடி ஒரு ஸ்பேஸோட அடிச்சது இதெல்லாத்தையும் ஒரே பேருக்குக் கொண்டாந்துருங்க.

கிளோஸ் அண்ட் அப்ளை அமுக்குனதும் டேட்டா உள்ள வந்துரும். இம்போர்ட் மட்டும்தான், ஆக்சஸுக்கு டைரக்ட் கொயரி கெடையாது, அதாவது அங்க பில் போட்டா இங்க உடனே மாறாது, ரிஃப்ரெஷ் அமுக்குனாத்தான் மாறும். பூக்கடைக்கு தெனம் ஒருதடவை போதும்ல.

கிராஃப் போடுறதுல ஒரே ஒரு எடத்துல நிக்கணும், சராசரி விலை. விலை காலத்தைத் தூக்கிப்போட்டு ஆவரேஜ்னு விட்டா அது பொய் சொல்லும். ஒரு நாள்ல மல்லி 10 கிலோ 300 ரூபாய்க்கும், காலைல மொத ஏலத்துல 1 கிலோ 1000 ரூபாய்க்கும் போச்சுன்னு வைங்க, பவர் பிஐ ரெண்டு வரியக் கூட்டி ரெண்டால வகுத்து 650-ன்னு காட்டும். நெசத்துல 11 கிலோவுக்கு வந்தது 4000 ரூபா, கிலோவுக்கு 364 ரூபாதான் விழுது. அதனால நியூ மெஷர் (நாமளே எழுதுற கணக்கு) போட்டு டிவைட் ஃபங்ஷனுக்குள்ள தொகையோட சம், எடையோட சம் ரெண்டையும் குடுங்க. மொதலாளிக்கு இந்த வித்தியாசம் மனக்கணக்குலயே தெரியும், 650-ன்னு காட்டுனா "தம்பி உங்க கம்ப்யூட்டர் எந்த மார்க்கெட்டுல பூ விக்குது"ன்னு கேப்பாரு.

அப்பறம் காலண்டர் டேபிள். பவர் பிஐ தானா ஜனவரி பிப்ரவரின்னு பிரிக்கும், ஆனா மல்லி விலைக்கு இங்கிலீஷ் மாசம் பாதி கதைதான் சொல்லும். மார்கழில கல்யாணம் இருக்காது, ஆடியும் அப்படித்தான், ஆவணியும் தையும் பொறந்தா விலை எகிறும், இதுக்கு மேல பனிக்காலத்துல வரத்தே கொறஞ்சிரும், வெயில் காலத்துல பூ கொட்டும். ஆக எக்செல்ல ஒரு ஷீட் போடுங்க, தேதி, தமிழ் மாசம், மாச வரிசை, முகூர்த்தம் ஆமா இல்ல, இந்த நாலு காலம் போதும், தெனசரிக் காலண்டரைப் பாத்து ஒரு வருஷத்துக்கு அடிக்கிறது ஒக்காந்தா ஒரு சாயங்கால வேலை. இதையும் வரவு டேபிளையும் தேதி வழியா மாடல் வியூல கோட்டைப் போட்டு இணைச்சிருங்க. மாச வரிசைய ஏன் தனியா கேக்குறேன்னா, விட்டா பவர் பிஐ அகர வரிசைல அடுக்கி ஆடிய மொதல்லயும் வைகாசிய கடைசியிலயும் நிறுத்தும், சித்திரை கார்த்திகைக்குப் பின்னாடி போயி நிக்கும். தமிழ் மாசம் காலத்தை செலக்ட் பண்ணி சார்ட் பை காலம்ல மாச வரிசைய குடுத்தா சித்திரைல இருந்து ஒழுங்கா வரும். லைன் கிராஃப்ல கீழ தமிழ் மாசம், மேல நம்ம சராசரி விலை, லெஜண்ட்ல முகூர்த்தம் ஆமா இல்ல, ரெண்டு கோடும் எங்க பிரியுது எங்க ஒட்டுதுன்னு பாருங்க, கடைக்காரருக்கு அந்த ஒரு படமே போதும். எழுத்து கட்டங்கட்டமா தெரிஞ்சா ஃபான்ட்டை நிர்மலா யுஐ-க்கு மாத்துங்க.

லேப்டாப் மாறுனா, ஃபோல்டர் மாறுனா ஃபைல் காணோம்னு சொல்லும், டிரான்ஸ்ஃபார்ம் டேட்டா பட்டனுக்குக் கீழ டேட்டா சோர்ஸ் செட்டிங்ஸ், அதுல சேஞ்ச் சோர்ஸ்னு போயி புதுப் பாதையக் குடுத்தா சரியாயிரும், எல்லாத்தையும் மறுபடி செய்ய வேண்டியதில்ல. ரிஃப்ரெஷ் பண்ணும்போது ஃபைல் யூஸ்ல இருக்குன்னு வந்தா யாரோ அந்தக் காப்பிய ஆக்சஸ்ல தெறந்து வச்சிருக்காங்கன்னு அர்த்தம், மூடச் சொல்லுங்க.

மொதலாளி ஃபோன்ல பாக்கணும்னு கேப்பாரு. முறையா செய்யணும்னா பவர் பிஐ சர்வீஸுல (இன்டர்நெட்ல ஓடுற பவர் பிஐ) பப்ளிஷ் பண்ணனும், அதுக்கு ஜிமெயில் ஆகாது, ஆபீஸ் மெயில் ஐடி வேணும், அடுத்தவங்களோட பகிரணும்னா புரோ லைசென்ஸ் வேணும், தானா ரிஃப்ரெஷ் ஆகணும்னா ஃபைல் இருக்குற மெஷின்ல கேட்வேன்னு ஒரு இணைப்பு புரோகிராமைப் போட்டு அந்த மெஷின் ஓடிட்டே இருக்கணும். ஒரு கடைக்கு இம்புட்டு தேவையான்னு நீங்களே பாத்துக்குங்க. காசு மிச்சம்னு யாராவது பப்ளிஷ் டு வெப் போடச் சொன்னா கேக்காதீங்க, அந்த லிங்க் கெடைச்ச யாரு வேணா லாகின் இல்லாம பாக்கலாம், விவசாயி பேரு, அவருக்குக் குடுத்த காசு எல்லாம் தெருவுல கெடந்த மாதிரிதான். சாயங்காலம் ரிஃப்ரெஷ் அமுக்கி, ஃபைல், எக்ஸ்போர்ட், பிடிஎஃப்னு போயி வாட்ஸ்அப்ல அனுப்பிருங்க. அதுல விவசாயி பேர் இருக்குற பக்கம் மட்டும் இல்லாம பாத்து அனுப்புங்க, கடை குரூப்ல எல்லாரும் இருப்பாங்க.